சங்கிலியும் சம்மதமும்

திருவண்ணாமலைக்குச் சென்று கிரிவலம் வந்தவர்கள் ரமணாசிரமப் பகுதியை அறிவார்கள். அருணாசலேசுவரர் கோயிலிலிருந்து செங்கம் சாலை வழியே ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நடந்தால் ஆசிரமம் வந்துவிடும். மலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர் பாதையில் மிகவும் நடமாட்டமுள்ள பகுதி இது. பாதையோரத்தில் மரத்தடியிலும் மண்டபத்திலும் அமர்ந்திருப்பவர்களை நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? சிலர் துறவு பூண்டு வந்தவர்கள். சிலர் வறுமையால் வந்தவர்கள். சிலர் முதுமையில் வீட்டாரால் கைவிடப்பட்டவர்கள். இன்னும் சிலர் மனநோய் கண்டு, ஊரும் பேரும் சொல்லத் தெரியாமல், நடந்தோ, பேருந்தில் ஏற்றிவிடப்பட்டோ வந்து சேர்ந்தவர்கள். அன்னதானம் இருப்பதால் இங்கே பட்டினி இல்லை. காவித்துணி எல்லாரையும் ஒன்றுபோலவே காட்டிவிடுகிறது.

இவர்களுள் யார் நோயாளி, யார் நோயாளி அல்லர்? அதை முடிவு செய்வது யார்? நோயாளி என்று முடிவானபின் அவரை என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது?

இக்கேள்விகளுக்கு விடை கூற முயலும் சட்டம் ஒன்று நம் நாட்டில் உள்ளது. அதுதான் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். 2018 மே 29 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. மனநல மருத்துவமனையில் உள்ள நோயாளிக்கும் உரிமைகள் உண்டு என்று விரிவாகச் சொன்ன முதல் இந்தியச் சட்டம் இதுவே. சட்டம் என்றதும் வழக்கறிஞர்களுக்கு உரியது என்று ஒதுக்கிவிட வேண்டாம். மருத்துவ அறிவியல் எதை அறிந்திருக்கிறது, அந்த அறிவு நோயாளிக்கு எவ்வளவு எட்டியிருக்கிறது என்பதற்கு இச்சட்டம் ஓர் அளவுகோல். அதன் நிறைகுறைகளை எடைபோட்டுப் பார்ப்போம்.

இருவகைத் தவறுகள்

முதலில் இந்த ஊரின் வரலாற்றிலிருந்தே ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம். 1896 செப்டம்பர் 1ஆம் நாள் 16 வயதுச் சிறுவர் ஒருவர் வீட்டை விட்டு நீங்கித் திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். பேசவில்லை; உணவு தேடவில்லை. கோயிலின் பாதாள லிங்கக் குகையில் பூச்சிகள் கடித்துத் தொடைகள் புண்ணான நிலையிலும் அசையாமல் அமர்ந்திருந்தார். சிறுவர்கள் அவர்மீது கல்லெறிந்தனர். அவரைக் காக்க முயன்றவர்களுள் ஒருவர் சேஷாத்திரி சுவாமிகள். 1889 முதல் 1929 வரை இவ்வூரிலேயே வாழ்ந்த சேஷாத்திரி சுவாமிகளையும் பித்தர் என்றே பலர் எண்ணினர். கடைக்குள் திடீரென்று புகுந்து பொருள்களை வாரி இறைப்பாராம். கடைக்காரர்களோ அதைப் பேறாகக் கருதினார்கள். கல்லடி பட்ட அச்சிறுவர்தான் பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவர். 1898இல் தாயார் தேடிவந்து அழைத்தும் அவர் திரும்பவில்லை. தாயார் கண்ணீருடன் ஊர் திரும்பினார்.

மறைந்தவர்களுக்கு நோய் கணிப்பது மருத்துவமாகாது. ஆகவே இவர்களைப் பற்றி அத்தகைய ஆராய்ச்சி எதுவும் நமக்கு வேண்டாம். இங்கே அறிய வேண்டியது ஒன்றே: நடத்தையை வெளியிலிருந்து பார்த்து மட்டும் ஒருவரை நோயாளி என்று தீர்ப்புக் கூறிவிட முடியாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பேசாமல், உண்ணாமல், அசையாமல் கிடப்பது மனச்சிதைவு நோயிலும் கடுமையான மனச்சோர்விலும் காணப்படக்கூடிய நிலை. இதைக் ‘கேடடோனியா’ என்பார்கள். கவனிக்காமல் விட்டால் உடலில் நீர் வற்றியும், இரத்தம் உறைந்து கட்டியாகியும் உயிருக்கே ஆபத்து வரலாம். ஆனால் லோரசெபாம் போன்ற மருந்தினால் பலர் சில நாள்களிலேயே எழுந்து நடமாடுகிறார்கள். அப்படிப்பட்ட ஒருவரைச் சாமியார் என்று கும்பிட்டுவிட்டு நாம் நடந்து சென்றால், அவருடைய உயிரைக் காத்திருக்கக்கூடிய மருந்தை அவருக்கு மறுத்தவர்களாகிறோம்.

நோயில்லாதவரை, அல்லது கட்டாயப்படுத்தத் தேவையில்லாதவரை அடைத்து வைப்பது ஒரு தவறு. நோயுள்ளவரைப் பராமரிப்பின்றி விட்டுவிடுவது மற்றொரு தவறு. நல்ல சட்டம் என்பது இவ்விரண்டையும் தடுக்க வேண்டும். இந்த அளவுகோலை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

பழைய சட்டங்களின் பார்வை

சென்னையில் மனநோயாளிகளுக்கான விடுதி 1794இல் தொடங்கப்பட்டது. அதுவே 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறியது. அந்த ஊரின் பெயரே பின்னர் வசைச்சொல் ஆகிவிட்டதை நாம் அறிவோம். ‘கீழ்ப்பாக்கம்’ என்று சொல்லிச் சிரிப்பவர்கள், அங்கே மருத்துவம் பெற்றுத் தேறி வீடு திரும்பிய ஆயிரக்கணக்கானவர்களை நினைப்பதில்லை.

1912ஆம் ஆண்டின் சட்டம் வெள்ளையர் ஆட்சியில் எழுதப்பட்டது. மனநோயாளியிடமிருந்து சமுதாயத்தைக் காப்பதே அதன் முதல் கவலை. நீதிபதியின் ஆணை பெற்றால் ஒருவரை உள்ளே அனுப்பிவிடலாம். அவர் வெளியே வருவதுதான் கடினம். இந்நிலை எந்த அளவுக்குச் சென்றது என்பதற்கு வீணா சேத்தி வழக்கு சான்று. பீகாரின் ஹசாரிபாக் சிறையில், மனநிலை சரியில்லை என்று வைக்கப்பட்ட சிலர் குணமடைந்த பிறகும் பல்லாண்டுகள் அங்கேயே கிடந்தனர். 1982இல் உச்சநீதிமன்றம் தலையிட்ட பிறகே அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. அவர்கள் நோய்க்காகச் சிறையிலிருந்ததாகச் சொல்ல முடியாது; கேட்பாரில்லாத காரணத்தால் இருந்தார்கள்.

1987இல் இயற்றப்பட்டு 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மனநலச் சட்டம் ‘பைத்தியம்’ என்னும் சொல்லை அகற்றியது. மனித உரிமைக்கென ஒரு தனி அத்தியாயமும் அதில் இருந்தது. அந்த அத்தியாயத்தைப் புரட்டிப் பார்த்தால் ஒரே ஒரு பிரிவுதான் இருக்கும்!

ஏர்வாடி தந்த பாடம்

2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஓலைக் கொட்டகை ஒன்று தீப்பிடித்தது. தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளைத் தங்கவைத்துப் பணம் பெற்ற தனியார் விடுதிகளுள் ஒன்று அது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 பேர் இறந்தனர். தீ பரவியபோது அவர்களுக்குக் கால்கள் இருந்தன. ஓடும் உரிமைதான் இல்லை.

அரசு அத்தகைய விடுதிகளை மூடி, அங்கிருந்த 500க்கும் மேற்பட்டவர்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. உச்சநீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து விசாரித்தது. ‘குற்றவாளி யார்?’ என்று பத்திரிகைகள் எழுதின. விடுதி நடத்தியவர்களுக்குத் தண்டனையும் கிடைத்தது. ஆனால் நாம் வேறொரு கேள்வியையும் கேட்க வேண்டும். அந்தப் பெற்றோர் ஏன் அங்கே சென்றார்கள்? மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் விடை சொல்லிவிடுவது எளிது. அருகில் மருத்துவர் இல்லை. மருந்து வாங்கப் பணமில்லை. இரவெல்லாம் கத்தும் மகனை வைத்துக்கொண்டு கூலிவேலைக்குப் போக முடியாது. சிகிச்சைக்கு வழியில்லாத இடத்தில்தான் சங்கிலி நுழைகிறது.

2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, பெரியவர்களில் 100 பேருக்கு 10 பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு இருக்கிறது. நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சை இன்றி இருக்கின்றனர். ஏர்வாடியின் சங்கிலி அந்த எண்ணிக்கையால் வார்க்கப்பட்டது.

புதிய சட்டம் சொல்வது என்ன?

2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு நம் கிரிவலப் பாதையை மனத்தில் வைத்தே எழுதப்பட்டதோ என்று தோன்றும். நாட்டிலும் உலகிலும் ஏற்கப்பட்ட மருத்துவ நெறிகளின்படியே ஒருவருக்கு மனநோய் உண்டா என்று முடிவு செய்ய வேண்டும். அவருடைய அரசியல், பொருளாதார, சமூக நிலை அதற்கு அடிப்படை ஆகக் கூடாது. ஊரில் நிலவும் ஒழுக்க, சமய, பண்பாட்டு வழக்கங்களுக்கு அவர் மாறாக நடக்கிறார் என்பதும் அடிப்படை ஆகாது. முன்பு ஒருமுறை மனநல மருத்துவமனையில் இருந்தார் என்பது மட்டுமே இன்றைக்கும் அவரை நோயாளி ஆக்கிவிடாது.

நான்காம் பிரிவு இதைவிட நுட்பமானது. மனநோய் உண்டென்றால் முடிவெடுக்கும் திறன் இல்லை என்று பொருளன்று என்கிறது அது. சொல்லப்படும் செய்தியைப் புரிந்துகொள்கிறாரா? தம் முடிவின் விளைவை உணர்கிறாரா? முடிவைப் பேச்சாலோ சைகையாலோ தெரிவிக்க முடிகிறதா? இவற்றைக் கொண்டே திறனை அளக்க வேண்டும். அவர் எடுத்த முடிவு மற்றவர்களுக்குத் தவறாகத் தோன்றுகிறது என்பதற்காக மட்டும் அவருக்குத் திறனில்லை எனக் கூடாது. நீரிழிவு நோயாளி இனிப்புத் தின்றால் அவருடைய வாக்குரிமையையா பறிக்கிறோம்?

மருத்துவமனைக்குள் சென்றபின் உள்ள உரிமைகளில் சிலவற்றைப் பாருங்கள். சத்தான உணவு, தூய்மையான இடம், மறைவான கழிப்பிடம் தரவேண்டும். பெண்களுக்கு மாதவிலக்குக் காலத் துணிகள் தரவேண்டும். சீருடை அணியுமாறு வற்புறுத்தக் கூடாது. வேலை செய்யுமாறு கட்டாயப்படுத்தக் கூடாது. விரும்பிச் செய்தால் ஊதியம் உண்டு. கட்டாயமாக மொட்டையடிக்கக் கூடாது. நம் கோயில்களில் மொட்டையடித்துக்கொள்வது நேர்த்திக்கடன். விருப்பமில்லாதவரைப் பிடித்துவைத்து மழித்தால் அது அவமானம். இரண்டிலும் கத்தி ஒன்றுதான். இடையில் நிற்பது சம்மதம்.

நோயின் தன்மை, மருந்தின் பக்கவிளைவு ஆகியவற்றைத் தெரிந்துகொள்ளவும், மருத்துவக் குறிப்புகளைப் பார்க்கவும், பார்வையாளரைச் சந்திக்கவும், கடிதம், தொலைபேசி வழியே வெளியுலகோடு தொடர்பு கொள்ளவும் உரிமை உண்டு. சங்கிலியால் பிணைப்பது எந்த வடிவிலும் கூடாது என்று 95ஆம் பிரிவு தடுக்கிறது.

மின்சிகிச்சை காட்டும் உண்மை

‘இவையெல்லாம் கருணை உள்ளவர்கள் தாமாகவே செய்யக்கூடியவை, இதற்குச் சட்டம் எதற்கு?’ என்று மாணவர் சிலர் கேட்கக்கூடும். அதற்கு மின்சிகிச்சையின் வரலாறே விடை.

மூளையில் சில விநாடிகள் மின்னோட்டம் செலுத்தி வலிப்பை உண்டாக்கும் இச்சிகிச்சையை 1938இல் உரோம் நகரில் செர்லெட்டி, பினி என்னும் மருத்துவர்கள் தொடங்கினர். கடுமையான மனச்சோர்விலும், நாம் முன்பு கண்ட கேடடோனியாவிலும் இது உண்மையிலேயே பயன் தருவது. திரைப்படங்கள் காட்டுவதுபோலத் தண்டனைக் கருவி அன்று. பயன் தருவது மூளைக்குள் நிகழும் வலிப்பு. கைகால்கள் வெட்டி இழுப்பதால் எந்த நன்மையும் இல்லை, தீமைதான் உண்டு. தொடக்க காலத்தில் நாலுபேர் பிடித்துக்கொண்டாலும், தசைகள் வலுவாகச் சுருங்குவதால் முதுகெலும்பு முறிந்துபோன நோயாளிகள் உண்டு.

இதைத் தவிர்க்க வழி என்ன? தசைகளைத் தற்காலிகமாகத் தளர்த்தும் மருந்தைக் கொடுத்துவிட்டால் மூளையில் வலிப்பு நிகழும், உடல் அசையாது. 1940இல் அமெரிக்க மருத்துவர் பென்னெட் இதற்குக் கியூராரே என்னும் பொருளைப் பயன்படுத்தினார். 1950களில் அதைவிடப் பாதுகாப்பான, விரைவில் கலைந்துவிடும் மருந்து வந்துவிட்டது. உடன் மயக்க மருந்தும் கொடுப்பதால் நோயாளிக்கு அச்சமோ வலியோ இல்லை.

அப்படியானால் மயக்க மருந்தில்லாத ‘நேரடி’ மின்சிகிச்சை 1950களிலேயே மறைந்திருக்க வேண்டுமல்லவா? மறையவில்லை. மயக்க மருத்துவர் இல்லை, செலவு அதிகம், நோயாளிகள் கூட்டம் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. நம் நாட்டில் அதைச் சட்டம் தடைசெய்தது 2017இல். அறிவியலுக்குத் தெரிந்த ஒன்று நோயாளியின் உடலை எட்ட 60 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று! குடலிறக்க அறுவைக்கு மயக்க மருந்தில்லாமல் படுக்கச் சொன்னால் நாம் ஒப்புக்கொள்வோமா? மனநோயாளியால் ‘மாட்டேன்’ என்று சொல்ல முடியவில்லை. சொன்னாலும் அது நோயின் அறிகுறி என்று எழுதிக்கொள்ளப்பட்டது. அறிவு இருந்தும் பயன்படாமல் போனதற்குக் காரணம், மறுக்கும் உரிமை இல்லாமையே.

மருந்துகளின் கதையும் இதுவே. 1952இல் பாரிசில் குளோர்புரோமசின் என்னும் மருந்து மனநோய்க்குப் பயன்படத் தொடங்கியபின், பூட்டிய கதவுகள் பல திறந்தன. ஆனால் இவ்வகை மருந்துகளால் கைநடுக்கம், உடல் விறைப்பு, எச்சில் வடிதல், உடல் பருத்தல், சிலருக்கு நாக்கும் உதடும் தானே அசைதல் ஆகியவை ஏற்படலாம். இதை முன்பே சொல்லி, அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம் என்று விளக்கினால் நோயாளி மருத்துவரிடம் திரும்பி வருவார். சொல்லாமல் கொடுத்தால் மாத்திரையை நாக்குக்கடியில் ஒளித்துத் துப்பிவிடுவார்; நோய் மீண்டும் வரும். தகவல் பெறும் உரிமை மருந்து வேலை செய்வதற்கே வேண்டிய ஒன்று என்பதை இதிலிருந்து உணரலாம்.

ஓர் எதிர்வாதம்

இச்சட்டத்தை எதிர்ப்பவர்கள் எல்லாரும் கொடியவர்கள் அல்லர். தாய் ஒருத்தி கேட்கிறாள்: ‘என் மகன் தனக்கு நோயே இல்லை என்கிறான். அக்கம்பக்கத்தார் தன்னைக் கொல்லச் சதி செய்வதாகச் சொல்லிச் சாப்பிட மறுக்கிறான். அவன் சம்மதத்துக்காகக் காத்திருந்தால் பிள்ளையை இழந்துவிடுவேன். இதுவா உரிமை?’

மனச்சிதைவு நோயில் தனக்கு நோயுண்டு என்ற உணர்வே பலருக்கு மங்கிவிடும். அதுவும் நோயின் ஒரு பகுதி. ஆகவே அந்தத் தாயின் கேள்வி நியாயமானது. ஆனால் சட்டம் அவளைக் கைவிடவில்லை. உயிருக்கு ஆபத்தான அவசர நிலையில் பதிவுபெற்ற எந்த மருத்துவரும், நோயாளியின் நியமனப் பிரதிநிதி இருந்தால் அவர் சம்மதத்துடன், 72 மணி நேரம் வரை சிகிச்சை தரலாம். தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யும் நிலையிலும், தன்னைப் பேணிக்கொள்ள இயலாத நிலையிலும் இருவர் தனித்தனியே பரிசோதித்து ஒப்பினால் 30 நாள் வரை சேர்த்துக்கொள்ளலாம். அந்த இருவரில் ஒருவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும். சேர்த்த செய்தியை மனநல மறுஆய்வு வாரியத்துக்கு 7 நாளில் தெரிவிக்க வேண்டும். பெண்ணாகவோ சிறாராகவோ இருந்தால் 3 நாளில். நோயாளி அந்த வாரியத்திடம் முறையிடலாம்.

கட்டாயச் சிகிச்சையைச் சட்டம் ஒழிக்கவில்லை என்பது தெளிவு. அதற்குக் காரணமும், கால எல்லையும், கேள்வி கேட்கும் ஆளும் வேண்டும் என்கிறது. ஹசாரிபாக்கில் இல்லாதவை இம்மூன்றுமே.

நல்ல நாளில் நோயாளியே முடிவெடுக்கவும் வழியுண்டு. மனம் தெளிந்திருக்கும்போது, ‘எனக்கு மீண்டும் நோய் வந்தால் இன்ன சிகிச்சை தருக, இன்னது வேண்டாம், எனக்காகப் பேச வேண்டியவர் இவர்’ என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். தாயும் மகனும் சேர்ந்து உட்கார்ந்து இதை எழுதினால் பாதிச் சண்டை அன்றே தீர்ந்துவிடும்.

குடும்பமும் உரிமையும் ஒன்றுக்கொன்று பகை என்று எண்ணுவதும் பிழை. திருவண்ணாமலைக்கு அடுத்த வேலூரில், கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957இல் தொடங்கியது. நோயாளியுடன் வீட்டார் ஒருவர் தங்கும் முறை அங்கே வளர்ந்தது. உறவினர் கண்முன்னால் இருக்கையில் யாரும் நோயாளியை அடிப்பதில்லை. நோயைப் பற்றி உறவினரும் கற்றுக்கொண்டு வீடு திரும்புகிறார்.

சட்டத்தின் குறைகள்

இனிக் குறைகளைப் பார்ப்போம். முதலாவது, கண்காணிப்பு மருத்துவமனை வாசலோடு நின்றுவிடுகிறது. மனநல நிறுவனங்களைப் பதிவு செய்யவும் சோதனையிடவும் விரிவான விதிகள் உள்ளன. குடும்பத்தார் வாழும் வீடு அந்த வரம்புக்கு வெளியே இருக்கிறது. மாட்டுக்கொட்டகையில் கட்டிவைக்கப்பட்டிருக்கும் பெண்ணைப் பார்க்க எந்த வாரியமும் தானாக வராது. வீட்டில் கொடுமைப்படுத்தப்படுபவர் பற்றிக் காவல்நிலைய அதிகாரி குற்றவியல் நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 101ஆம் பிரிவு சொல்கிறது. யாராவது அவரிடம் சொன்னால்தானே அவர் சொல்வார்?

இரண்டாவது, ஆள் பற்றாக்குறை. நோயாளியைக் கட்டுப்படுத்தி வைப்பது உடனடித் தீங்கைத் தடுக்க மட்டுமே, தண்டனையாகக் கூடாது, ஊழியர் குறைவு என்பதற்காகவும் கூடாது என்று 97ஆம் பிரிவு எழுதியிருக்கிறது. மிக நல்ல சொற்கள். ஆனால் நம் நாட்டில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. இரவில் பெரிய வார்டு ஒன்றைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் செவிலியரிடம் ‘ஊழியர் குறைவு ஒரு காரணமாகாது’ என்று சொல்வது, அவரையும் நோயாளியையும் ஒருங்கே கைவிடுவதாகும். இத்தனை நோயாளிக்கு இத்தனை செவிலியர் என்னும் விதியும் அதற்குரிய பணமும் பின்தொடராவிட்டால் இப்பிரிவு தாளில்தான் இருக்கும்.

மூன்றாவது, மறுஆய்வு வாரியம். மாவட்ட நீதிபதி நிலையிலுள்ளவர் தலைமையில் ஆட்சியரின் பிரதிநிதி, இரு மருத்துவர்கள், மனநோய் கண்டவர்கள் அல்லது அவர்களைப் பராமரிப்பவர்கள் சார்பில் இருவர் என்று அதன் அமைப்பு அழகாக உள்ளது. நோயாளியின் குரலுக்கு நாற்காலி போட்டிருப்பது வரவேற்கத்தக்கது. ஆனால் சட்டம் நடைமுறைக்கு வந்து ஆண்டுகள் பல கழிந்தும் நாட்டின் பல பகுதிகளில் வாரியங்கள் அமையவில்லை. அமைந்த இடங்களிலும் எல்லாம் முறையாக இயங்குவதில்லை. முன்கூட்டிய விருப்ப ஆவணத்தையும் இதே வாரியத்தில்தான் பதிய வேண்டும். வாரியம் இல்லையென்றால் உரிமைகளில் பாதி முகவரியில்லாத கடிதம்.

நான்காவது, வெளியே செல்ல வழி. குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்பதற்காக மட்டும் யாரையும் மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்று 19ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் 2019இல் வெளியான நாடு தழுவிய ஆய்வொன்று, 43 அரசு மனநல மருத்துவமனைகளில் இருந்தவர்களில் ஏறத்தாழ 36 சதவீதம் பேர் ஓராண்டோ அதற்கு மேலோ அங்கேயே தங்கிவிட்டதைக் கண்டது. இவர்களுக்குக் கதவு திறந்தே இருக்கலாம்; கதவுக்கு அப்பால் ஒரு வீடு இல்லை. இடைநிலை இல்லங்களும் வேலைவாய்ப்பும் இல்லாமல் விடுதலை கொடுத்தால், அவர்கள் மீண்டும் வந்து சேரும் இடம் ஏதோ ஒரு கோயில் வீதிதான்.

பாதையோரத்து மனிதர்

ரமணாசிரமப் பகுதியில் பாதையோரம் கிடக்கும் ஒருவருக்கு இச்சட்டம் என்ன தருகிறது? அலைந்து திரியும் ஒருவருக்கு மனநோய் உண்டென்றும் தம்மைப் பேணிக்கொள்ள அவரால் இயலவில்லை என்றும் நம்பக் காரணமிருந்தால், காவல்நிலைய அதிகாரி அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். சிறையிலோ லாக்கப்பிலோ வைக்கக் கூடாது. காணாமற்போனவர் என்று வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். வீடற்றவருக்கு அரசுச் சிகிச்சை முற்றிலும் இலவசம். வறுமைக்கோட்டு அட்டை கேட்கக் கூடாது.

இதில் மறைந்திருக்கும் ஆபத்தையும் கவனிக்க வேண்டும். திருவிழாவுக்கு முன் ஊரைச் ‘சுத்தம்’ செய்வதற்காகப் பாதையோரத்தவர்களை வண்டியில் அள்ளிச் செல்ல இதே பிரிவைக் காரணம் காட்ட முடியும். அப்போது மூன்றாம் பிரிவே கேடயம். அழுக்குத் துணியும் சடைமுடியும் மௌனமும் நோயின் இலக்கணம் அல்ல. தம்மைப் பேண முடியாமை, புண், பட்டினி, அச்சம், தனக்குள் வரும் குரல்களோடு ஓயாத போராட்டம் ஆகியவையே கவனிக்க வேண்டியவை. முதலில் அவரிடம் பேச வேண்டும். தமிழ் தெரியாதவராக இருந்தால் அவர் மொழி அறிந்தவரைத் தேட வேண்டும். மொழி புரியாததையே மனநோய் என்று எழுதிவிடும் பிழை, பல நாட்டவரும் வந்துபோகும் இவ்வூரில் எளிதில் நிகழக்கூடியது.

கோயிலும் மருத்துவமும் சேர்ந்து நிற்க இயலுமா? இயலும் என்பதற்குத் தமிழகத்திலேயே ஓர் ஆய்வு உண்டு. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் வீட்டாருடன் வந்து தங்கிய 31 மனநோயாளிகளை, பெங்களூர்த் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த அறிஞர்கள் ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார்கள். கோயிலில் இருந்த வாரங்களில் மருந்தில்லாமலே நோயின் அளவு சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. மந்திரம் எதுவும் அங்கே தனியாக ஓதப்படவில்லை. கோயிலின் சிறு வேலைகளில் அவர்கள் பங்கு கொண்டார்கள். அச்சுறுத்தாத, ஆதரவான சூழலே பயன் தந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. இது சிறிய ஆய்வு; ஒப்பிட வேறொரு குழு இல்லை; ஆகவே கோயில் போதும், மருந்து வேண்டாம் என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. ஆனால் மதிப்பும் ஆதரவும்கூட நோயைத் தணிக்கும் என்னும் குறிப்பை ஒதுக்கவும் கூடாது. குஜராத்தின் மீரா தாதார் தர்காவில் தொழுகைக்கு வருபவர்களுக்கு அங்கேயே மருத்துவரும் இருக்கும்படி செய்த ஏற்பாடு, நம் கிரிவலப் பாதைக்கும் பொருந்தும். அன்னதானம் நடக்கும் இடத்துக்கு அருகில் வாரம் ஒருமுறை ஒரு மனநல மருத்துவரும் சமூகப் பணியாளரும் வந்து அமர்ந்தால் போதும். உணவுக்கு வருகிறவர் மருந்துக்கும் வருவார்.

நாம் செய்யக்கூடியவை

வாசகர்களே, மருத்துவரும் நீதிபதியும் அல்லாத நாம் என்ன செய்யலாம் என்று கேட்கிறீர்களா? சில செயல்கள் நம் கைக்கு எட்டுபவையே.

தெரிந்தவர் ஒருவர் மனநல மருத்துவமனையில் இருந்தால் சென்று பாருங்கள். பார்வையாளர் வரும் நோயாளியை யாரும் மறந்துவிட முடியாது. என்ன மருந்து, எதற்காக, எத்தனை நாளைக்கு என்று கேளுங்கள். கேட்பது அவருக்கும் அவருடைய நியமனப் பிரதிநிதிக்கும் உள்ள உரிமை. எங்காவது ஒருவர் கட்டிவைக்கப்பட்டிருப்பதை அறிந்தால் காவல்நிலையத்தில் சொல்லுங்கள். 101ஆம் பிரிவு அதைப் பொதுமக்களின் கடமையாகவே கூறுகிறது. முறையிட வக்கீல் வைக்க வசதி இல்லாத நோயாளிக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். மனநலம் பற்றி ஆலோசனை வேண்டுமென்றால் 14416 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட இந்த அரசுச் சேவைக்குக் கட்டணமில்லை.

கிரிவலம் செல்லும்போது பாதையோரத்தில் புண்ணோடும் பசியோடும் பேச்சற்றும் ஒருவர் கிடந்தால், காசு போட்டுவிட்டோ கும்பிட்டுவிட்டோ கடந்துவிடாதீர்கள். அருகில் அமர்ந்து பெயரைக் கேளுங்கள். பதில் வந்தால் அவர் சொல்வதைக் கேளுங்கள். பதிலே வராவிட்டால் மருத்துவமனைக்குச் சொல்லி அனுப்புங்கள்.